முருகைக்கல் ஊர்களுக்குப் போகுமுன்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சான்சிபார் ஸ்டோன் டவுனில் ஏதோ ஒரு சந்துச் சுவரில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், சட்டை முதுகில் வெள்ளையாக மாவு போல ஒட்டியிருக்கும். தூசி என்று தட்டிவிடுவோம். அது அந்த வீட்டின் சுவர். கடலோரத்து முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, வெட்டி, சுட்ட சுண்ணாம்பில் வைத்துக் கட்டிய வீடு. நூறு, நூற்றைம்பது வருட மழையைப் பார்த்துவிட்டு இப்போது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருக்கிறது. உள்ளே ஒரு குடும்பம் மத்தியானச் சமையலைக் கவனித்துக்கொண்டிருக்கும்.

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இப்படி ஊர்கள் வரிசையாக உண்டு. கென்யாவில் லாமு, மொம்பாசா. தான்சானியாவில் சான்சிபார், கில்வா. பருவக்காற்றை நம்பிப் பாய் விரித்து அரேபியா, பாரசீகம், குஜராத்தோடு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் வியாபாரம் செய்த சுவாஹிலி மக்களின் ஊர்கள். சஃபாரி முடித்த கையோடு ஒரே பகலில் இவற்றைச் சுற்றிவிட்டு ஓடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களும் அடிபடுகிறார்கள், அவர்களால் அந்த ஊரும் அடிபடுகிறது. இரண்டையும் தவிர்க்கலாம். டிக்கெட் போட்டாகிவிட்டதென்றால் கீழே உள்ள முதல் மூன்று வேலைகளை இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

செய்ய வேண்டியவை

மஞ்சள் காய்ச்சல் ஊசியை முதலில் போடுங்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்த மஞ்சள் அட்டை செல்லும். போகிற இடத்தில் கேட்பார்களா என்றுதான் எல்லோரும் யோசிக்கிறார்கள். கண்டிப்பாகக் கேட்பது திரும்பி வரும்போது நம் ஊர் ஏர்போர்ட்டில்தான். கென்யாவிலிருந்து அட்டை இல்லாமல் வந்து இறங்குகிறவரை 6 நாள் வரை தனிமையில் வைக்க இந்திய விதியில் இடமுண்டு. கென்யா வழியாகத் தான்சானியாவுக்குள் நுழையும்போதும் அட்டையைக் கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். எந்த நாளில் போடுவார்கள் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். மலேரியா மாத்திரை வேண்டுமா என்பதையும் அதே வாரத்தில் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அனுமதிகளை அரசாங்க வெப்சைட்டில் மட்டும் வாங்குங்கள். கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் மின்னணுப் பயண அனுமதி, தான்சானியாவுக்கு இ-விசா. கூகுளில் தேடினால் மேலே வந்து நிற்கும் போலித் தளங்கள் இரண்டு மடங்கு பணம் பிடுங்குகின்றன. சான்சிபாருக்குத் தனியாக ஒரு இன்சூரன்ஸ் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டவர் எல்லோரும் 44 டாலர் கட்டி எடுத்தாக வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். உங்களிடம் வேறு பாலிசி இருந்தாலும் இது தனி. அங்கே இன்சூரன்ஸுக்குப் பெயர் 'பீமா'. நம் எல்.ஐ.சி.யின் பெயரில் இருக்கும் அதே இந்திச் சொல், கப்பலேறிப் போய்ச் சேர்ந்தது.

டாலர் நோட்டுகளை ஒவ்வொன்றாக வருடம் பார்த்து வாங்குங்கள். 2006க்கு முன் அச்சான நோட்டை அந்தக் கரையில் பெரும்பாலும் தொடவே மாட்டார்கள். ஓரம் கிழிந்தது, பேனாக் கிறுக்கல் விழுந்தது எதுவும் செல்லாது. நோட்டில் வருடம் சின்னதாக அச்சாகியிருக்கும், மாற்றும் கவுன்ட்டரிலேயே நின்று பாருங்கள். தெருச் செலவுக்கு ஷில்லிங் மாற்றிக்கொள்ளுங்கள். கென்ய ஷில்லிங்கும் தான்சானிய ஷில்லிங்கும் வேறு வேறு. மதிப்பில் வித்தியாசம் மிகப் பெரிது.

ஒவ்வொரு ஊரிலும் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். பகல் 11 மணிக்கு வந்து 3 மணிக்குப் போகிறவர் கண்ணில் படுவது வெயிலும் கடைக்காரர்களும்தான். காலைத் தொழுகை முடிந்து காபி விற்கிறவர் பித்தளைக் கூஜாவோடு வரும் நேரமும், சாயங்காலம் வெயில் சாய்ந்து சுவர்கள் தேன் நிறமாகும் நேரமும்தான் இந்த ஊர்களின் நேரம். மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழை. அந்த மாதங்களைத் தள்ளிப் போடுங்கள்.

மணி கேட்டால், கடிகாரத்தைக் காட்டி உறுதி செய்யுங்கள். சுவாஹிலிக்காரர்களுக்கு மணிக்கணக்கு விடியலில் ஆரம்பிக்கிறது. காலை 7 மணிதான் அவர்களுக்கு ஒரு மணி, 9 மணி என்பது மூன்று மணி. நம் பஞ்சாங்கத்தில் உதயத்திலிருந்து நாழிகை எண்ணுவது போலத்தான். லாமுவில் ஒரு தம்பதியிடம் படகுக்காரர் 'ஸா தாத்து' என்று சொல்லிவிட்டுப் போனார். தாத்து என்றால் மூன்று என்று புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டு, அவர்கள் மத்தியானம் 3 மணிக்குக் கரைக்கு வந்தார்கள். படகுக்காரர் காலை 9 மணிக்கே வந்து, காத்திருந்து, போய்விட்டிருந்தார். அவர்கள் வந்தபோது கடல் வற்றிக் கரையோரம் வெறும் சேறு.

கடல் ஏற்றமா வற்றமா என்று பார்த்து நாளைத் திட்டமிடுங்கள். லாமுவுக்கு எதிரே மண்டா தீவில் தக்வா என்று கைவிடப்பட்ட ஊர் ஒன்று இருக்கிறது. 16, 17ஆம் நூற்றாண்டில் மனிதர் வாழ்ந்து, விட்டுப் போன இடம். மதில், மசூதி, தூண் வைத்த சமாதி எல்லாம் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. அங்கே போகும் கால்வாய் கண்டல் காட்டுக்குள் நுழைகிறது. தண்ணீர் ஏறியிருக்கும்போதுதான் படகு போகும். வற்றினால் நீங்கள் அங்கேயேதான்.

கில்வாவுக்குப் போனால் முதலில் அனுமதிச் சீட்டு வாங்குங்கள். இடிபாடுகள் கில்வா கிசிவானி தீவில். அலுவலகம் இக்கரையில், கில்வா மசோகோவில். சீட்டு இல்லாமல் படகில் ஏற்றிப் போகிறேன் என்கிறவரை நம்பாதீர்கள். போய்ச் சேர்ந்தால் அவசரப்படாதீர்கள். தெற்கே இருந்த ஸோஃபாலா துறைமுகத்தின் தங்க வியாபாரத்தைக் கையில் வைத்திருந்த ஊர் அது. சொந்தமாக நாணயம் அடித்தது. 1331இல் பயணி இப்னு பதூதா வந்து இறங்கினார். பெரிய மசூதியின் குவிமாடங்களுக்குக் கீழே நின்று மேலே பாருங்கள். 14ஆம் நூற்றாண்டில் சுல்தான் கட்டிய ஹுசுனி குப்வா மாளிகை கடலைப் பார்த்த மேட்டில் இருக்கிறது. அங்கே எட்டுப் பட்டை வைத்த ஒரு குளம். 1505இல் போர்த்துகீசியர் வந்து கொள்ளையிட்டார்கள்.

ஒரே ஒரு கதவின் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். ஸ்டோன் டவுனில் செதுக்கிய கதவுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. நூறையும் போனில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர் ஒன்றையும் பார்ப்பதில்லை. முதலில் நிலையின் தலைப்பகுதியைப் பாருங்கள். நேராக இருந்தால் ஓமானி அரபு பாணி. வளைவாக இருந்தால் பின்னால் வந்த இந்தியத் தாக்கம். கடைத்தெருவில் சின்னச் சின்னச் சதுரப் பலகைகளாக மடித்துத் திறக்கும் கதவுகள் குஜராத்தி வியாபாரிகளுடையவை. பிறகு நிலைக்காலின் அடியிலிருந்து மேலே வாருங்கள். கீழே மீன் செதிலும் அலையும், அதிலிருந்து கொடி கிளம்பி ஏறும், பூ விரியும். வெளி ஓரத்தில் சங்கிலி வேலைப்பாடு ஓடும். மேலே குர்ஆன் வசனம், சிலதில் வருடம். பித்தளைக் குமிழ்கள் யானை முட்டாமல் இருக்க இந்தியாவில் ஆரம்பித்த வழக்கம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். யானை ஏதும் நடக்காத இந்தச் சந்துகளில் அவை வந்தவர்களிடம் வீட்டுக்காரரின் வசதியைச் சொல்லிக்கொண்டிருந்தன. கதவைத்தான் முதலில் நிறுத்துவார்களாம், வீடு பிறகு எழும்பும்.

லாமுவில் ஒரு பழைய வீட்டுக்குள் போய், அறையின் அகலத்தைக் காலால் அளந்து பாருங்கள். எட்டு, ஒன்பது அடிக்கு மேல் வராது. நீளம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். காரணம் மேலே தலைக்கு நேர் இருக்கிறது: கூரையைத் தாங்குவது கண்டல் மரக் கழிகள். 'போரித்தி' என்பார்கள். அந்த மரம் நேராக எவ்வளவு நீளம் கிடைக்குமோ அவ்வளவுதான் அறை. கழிகளின் மேல் முருகைக்கல் துண்டு, அதன் மேல் சுண்ணாம்பு. வாசலில் திண்ணை வைத்த முகப்பு. உள்ளே ஒரு திருப்பம், தெருவில் போகிறவர் பார்வை முற்றத்தில் விழாதபடி. முற்றம் தாண்டி அறைகள் ஒன்றன் பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் கொஞ்சம் உயர்ந்துகொண்டே போகும். கடைசி அறையின் சுவர் முழுக்கச் சுதையில் செய்த மாடங்கள், அடுக்கடுக்காக. 'ஸிதாகா' என்று பெயர். விளக்கு வைக்க ஒரு மாடம், முற்றத்து ஓரத்தில் இரண்டு மாடம் என்று பழகிய கண்ணுக்கு, சுவரே மாடமாக நிற்பது மூச்சை நிறுத்தும். சீனப் பீங்கான் அதில்தான் வரிசையாக இருந்தது. அரசு அருங்காட்சியகமாக வைத்திருக்கும் சுவாஹிலி வீடு ஒன்று ஊருக்குள்ளேயே இருக்கிறது, அங்கே தொடங்குங்கள்.

பெரியவர்களைப் பார்த்தால் 'ஷிகாமூ' சொல்லுங்கள். வயதில் மூத்தவருக்குச் செய்யும் வணக்கம் அது. 'மரஹபா' என்று பதில் வரும். 'ஜாம்போ' என்ற வணக்கம் டூரிஸ்ட்டுக்கென்று ஒதுக்கிய சொல். அதைச் சொன்ன உடனே விலை ஏறும். யார் வீட்டு வாசலானாலும் 'ஹோதி' என்று குரல் கொடுங்கள், 'கரிபு' என்று பதில் வந்த பிறகு படி ஏறுங்கள்.

திண்ணையில் உட்காருமுன் கேளுங்கள், கேட்டபின் தாராளமாக உட்காருங்கள். சுவரோடு ஒட்டிக் கட்டிய கல் திண்ணைக்கு 'பராசா' என்று பெயர். மழை பெய்து சந்து ஓடையாகும்போது அதன் மேல்தான் ஊர் நடக்கும். மற்ற நேரத்தில் அரட்டை, காபி, 'பாவோ'. பாவோ பலகையை எட்டிப் பாருங்கள்: நாலு வரிசை, வரிசைக்கு எட்டுக் குழி, 64 விதை. நம் பல்லாங்குழிக்கு அண்ணன். விளையாட்டு முடியும்வரை வாய் திறக்காதீர்கள். முடிந்ததும் விரலால் மண்ணில் ஏழு ஏழாக இரண்டு வரிசை போட்டுக் காட்டுங்கள். இந்தியர் என்றதும் 'முஹிந்தி' என்று ஒதுக்கிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.

வழிகாட்டியின் அடையாள அட்டையைப் பார்த்து, தொகையை நடக்குமுன் பேசி முடியுங்கள். எத்தனை மணி நேரம், ஒருவருக்கா எல்லோருக்குமா, நுழைவுச் சீட்டு சேர்த்தா என்று மூன்றையும் கேளுங்கள். கடைக்குக் கூட்டிப் போக வேண்டாம் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பழைய அடிமைச் சந்தை இருந்த இடத்துக்குத் தனியாக ஒரு காலை ஒதுக்குங்கள். கதவையும் கிராம்பையும் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் சான்சிபாரில் பாதியைத்தான் பார்த்தீர்கள். பிரிட்டிஷ் நெருக்கடியில் சுல்தான் பர்கஷ் 1873இல் சந்தையை மூடினார். அந்த இடத்திலேயே ஆங்கிலிக்கன் தேவாலயம் எழுந்தது. அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த மரம் நின்ற இடத்தில்தான் பலிபீடம் என்று சொல்கிறார்கள். வெளியே ஒரு குழிக்குள், கழுத்தில் சங்கிலியோடு நிற்கும் உருவங்கள். ஸ்வீடன் சிற்பி கிளாரா சோர்னாஸ் 1998இல் செய்தவை. பக்கத்துக் கட்டடத்தின் கீழறைகளில்தான் அடிமைகளை அடைத்து வைத்தார்கள் என்று காட்டுவார்கள். அந்த அறைகள் பிற்காலத்தவை என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. சந்தை அங்கே நடந்ததில் யாருக்கும் சந்தேகமில்லை.

இதில் நமக்கும் பங்கு இருக்கிறது. அந்த வியாபாரத்துக்குக் கடன் கொடுத்தவர்களில் கட்ச், குஜராத் வணிகர்கள் இருந்தார்கள். 1860 வாக்கில் பிரிட்டிஷ் கான்சல் ரிக்பி, அங்கிருந்த இந்தியர்கள் வைத்திருந்த அடிமைகளை ஆயிரக்கணக்கில் விடுவிக்க வேண்டியிருந்தது. குஜராத்திக் கதவின் அழகைப் பேசும்போது இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

மொம்பாசாவில் ஃபோர்ட் ஜீசஸை வெயில் ஏறுமுன் முடியுங்கள். 1593இல் போர்த்துகீசியர் ஆரம்பித்தது. 33 மாத முற்றுகைக்குப் பின் 1698இல் ஓமானியர் கைக்குப் போனது. உள்ளே நிழல் குறைவு. மீதி நேரத்தைக் கோட்டைக்குப் பின்னால் பழைய ஊரின் மர பால்கனிகளுக்குக் கொடுங்கள்.

நினைவுப் பொருளைச் செதுக்குகிறவரிடமே வாங்குங்கள். லாமுவில் பட்டறைகள் தெருவைப் பார்த்துத் திறந்தே இருக்கின்றன. உளியைக் கையில் வைத்திருப்பவருக்கு நேரே போகும் பணம்தான் அந்தத் தொழிலை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகும்.

செய்யக்கூடாதவை

சுவரில் சாயாதீர்கள், காலை முட்டுக்கொடுக்காதீர்கள், இடிபாட்டின் மேல் ஏறாதீர்கள். இந்த வீடுகள் எப்படி விழுகின்றன என்று தெரிந்தால் நீங்களே செய்ய மாட்டீர்கள். கூரையில் எங்கோ சின்னதாக ஒழுகும். தண்ணீர் கண்டல் கழியின் முனைக்கு, சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்துக்கு இறங்கும். கழி உளுத்துப் போகும். இரண்டு சுவர்களையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கழிதான். அது போனதும் சுவர் வயிறு தள்ளும். அப்புறம் ஒரு மழைநாளில் சரியும். இடையில் யாராவது அக்கறையாக சிமென்ட் பூசியிருந்தால் இன்னும் சீக்கிரம். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும், ஈரத்தை வெளியே அனுப்பும். சிமென்ட் ஈரத்தையும் கடல் உப்பையும் உள்ளேயே அடைத்து முருகைக்கல்லை அரித்துவிடும்.

1964 ஜனவரி புரட்சிக்குப் பிறகு ஸ்டோன் டவுனின் அரபு, இந்திய உரிமையாளர்கள் பலர் ஓடிப் போனார்கள். அரசு வீடுகளை எடுத்துக்கொண்டு ஏழைக் குடும்பங்களைக் குடிவைத்தது. ஒரு வீட்டில் நாலு குடும்பம். கூரையைப் பார்க்க யாரிடமும் பணமில்லை. இந்த வீடுகளுக்கு மட்டுமல்ல, அரண்மனைக்கும் அதே கதிதான். பர்கஷ் 1883இல் கட்டிய 'அதிசய மாளிகை'யின் ஒரு பகுதி, பழுது பார்த்துக்கொண்டிருக்கும்போதே 2020 டிசம்பர் 25 அன்று இடிந்து விழுந்தது. உயிர்களும் போயின. வேலி போட்டிருந்தால் வேலிக்கு வெளியே நில்லுங்கள். அதைத் தாண்டிப் போய் எடுக்கிற போட்டோ எதற்கும் ஈடாகாது.

கில்வாவிலும் கென்யாவின் கெடி இடிபாடுகளிலும் தரையில் கிடக்கும் ஓட்டுத் துண்டைக் கையில் எடுக்காதீர்கள். பச்சை மெருகு போட்ட பாரசீக ஓடு, நீலப் பூ வரைந்த சீனப் பீங்கான். காலடியில் சாதாரணமாகக் கிடக்கும், கை பரபரக்கும். எந்த ஓடு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் எந்த நூற்றாண்டில் யாரோடு வியாபாரம் என்று தொல்லியல்காரர்கள் சொல்கிறார்கள். பைக்குள் போன துண்டு வெறும் துண்டு. சட்டப்படியும் குற்றம்.

'பழைய கதவு', 'பழைய சுதை மாடம்' என்று விற்றால் வாங்காதீர்கள். பொய்யாக இருந்தால் உங்கள் பணம் போயிற்று. உண்மையாக இருந்தால் எங்கோ ஒரு வீட்டின் முகம் போயிற்று. காரைக்குடியில் தூணும் நிலையும் கழற்றி விற்ற வீடுகள் எப்படி நிற்கின்றன என்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

முருகைத் துண்டு, பெரிய சங்கு, ஆமை ஓடு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே விற்கிறார்கள் என்பதால் இங்கே செல்லுமென்று இல்லை. முருகைக்கு இந்திய வனவிலங்குச் சட்டத்தில் கடுமையான பாதுகாப்பு. கஸ்டம்ஸில் 'கடற்கரையில் கிடந்தது' என்ற பதில் எடுபடாது.

கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்காதீர்கள். குறிப்பாக கறுப்பு 'புய்புய்' போர்த்திய பெண்களையும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளையும். ஒரு சந்தில் பயணி ஒருவர் போனைத் தூக்கியதும், வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியதைப் பார்த்தேன். அன்றைக்கு அவர் வேலை பாதியில் நின்றது. எடுத்த போட்டோவுக்காகக் குழந்தைகள் கையில் காசும் கொடுக்காதீர்கள்; பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு டூரிஸ்ட் பின்னால் ஓடக் கற்றுக்கொடுப்பது அதுதான். போலீஸ், ராணுவம், துறைமுகம், அரசு மாளிகை பக்கம் கேமராவைத் திருப்பவே திருப்பாதீர்கள்.

ட்ரோன் கொண்டுபோகாதீர்கள். முன் அனுமதி இல்லாவிட்டால் ஏர்போர்ட்டிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள்.

படகுத்துறையில் தானாக வந்து பேசுகிறவரிடம் டிக்கெட் வாங்காதீர்கள். தார் எஸ் ஸலாமிலிருந்து சான்சிபாருக்கு வேகப் படகில் சுமார் இரண்டு மணி நேரம். துறைக்கு நூறு அடி முன்னாலேயே, கழுத்தில் அட்டை தொங்க, 'கவுன்ட்டர் மூடிவிட்டது, நான் எடுத்துத் தருகிறேன்' என்பார்கள். ஒரு குடும்பம் நாலு பேருக்குப் பணம் கொடுத்து, கையில் கிடைத்தது முந்தின நாள் டிக்கெட். நேரே கவுன்ட்டருக்குப் போங்கள், உங்கள் பாஸ்போர்ட் பெயரில் அச்சடித்து வாங்குங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். ஒரே நாடானாலும் சான்சிபாரில் இறங்கியதும் தனியாகக் குடியேற்றச் சோதனை உண்டு. ஸ்டோன் டவுன் சந்துகளில் ஒட்டிக்கொள்ளும் தரகர்களை ஊர்க்காரர்களே 'பபாசி' என்பார்கள். உண்ணி என்று அர்த்தம். 'ஹபானா, அசாந்தே' (வேண்டாம், நன்றி) என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போங்கள்.

கூட்டம் வழியும் படகில் ஏறாதீர்கள். 2011 செப்டம்பரில் சான்சிபாரின் பெரிய தீவான உங்குஜாவிலிருந்து பக்கத்துத் தீவான பெம்பாவுக்குப் புறப்பட்ட ஸ்பைஸ் ஐலண்டர் கப்பல், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் நள்ளிரவில் கவிழ்ந்தது. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். மறு வருடம் ஜூலையில் இன்னொரு கப்பல் மூழ்கியது. அடுத்த படகுக்குக் காத்திருங்கள். சின்னப் பாய்மரப் படகானாலும் லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டு, பார்த்துவிட்டு ஏறுங்கள்.

லாமுவுக்குத் தரைவழியே போகாதீர்கள். கரைப் பகுதிச் சாலையில் ஆயுதத் தாக்குதல்கள் நடந்திருக்கின்றன. விமானத்தில் மண்டா தீவில் இறங்கி, அங்கிருந்து படகில் ஐந்து பத்து நிமிடம். கிளம்புகிற வாரம் இந்திய வெளியுறவுத் துறையின் அறிவுரையை ஒருமுறை பாருங்கள்.

தோளும் முழங்காலும் தெரிய ஊருக்குள் நடக்காதீர்கள். கடற்கரை ஓட்டல் உடுப்பு ஓட்டலோடு. ஆண்களுக்கும் இது பொருந்தும். ரமலான் மாதத்தில் பகலில் தெருவில் சாப்பிடாதீர்கள், தண்ணீர் பாட்டிலைக்கூடத் தூக்கிக் குடிக்காதீர்கள். மசூதிக்குள் அழைத்தால் மட்டும் போங்கள்.

லாமுவில் கழுதைக்கு வழி விடாமல் நிற்காதீர்கள். பழைய ஊருக்குள் கார் கிடையாது. சிமென்ட் மூட்டை, மணல், முருகைக்கல் எல்லாமே கழுதை முதுகில்தான். பின்னால் குரல் கேட்டதும் சுவரோடு ஒதுங்குங்கள் (தொடாமல்). நொண்டுகிற கழுதையில் சவாரி வாங்கித் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். அவற்றுக்கென்று ஊரிலேயே மருத்துவமனை நடக்கிறது, கொடுக்க நினைக்கும் காசை அங்கே கொடுங்கள்.

பிளாஸ்டிக் பை கொண்டுபோகாதீர்கள். கென்யாவில் 2017 முதல் தடை, தான்சானியாவில் 2019 முதல், சான்சிபாரில் அதற்கும் முன்பே. பலகாரம் கட்டிய கேரி பேக்கை வீட்டிலேயே மாற்றிவிடுங்கள், துணிப்பை போதும்.

'இதெல்லாம் அரபிகள் கட்டியது' என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். வெள்ளைக்கார ஆட்சிக் காலத்து எழுத்தாளர்கள் ஆரம்பித்தது. கல்வீடு கட்ட ஆப்பிரிக்கருக்குத் தெரியாது என்ற நினைப்பில் வந்த பேச்சு. லாமுவுக்கு வடக்கே பாத்தே தீவில் ஷங்கா என்ற இடத்தை 1980களில் மார்க் ஹார்ட்டன் தோண்டினார். கல் மசூதிக்குக் கீழே இன்னொரு மசூதி, அதற்கும் கீழே இன்னொன்று. அடியில் 8ஆம் நூற்றாண்டில் மரமும் மண்ணும் வைத்துக் கட்டிய சின்னத் தொழுகைக் கூடம். அதே இடத்தில், தலைமுறை தலைமுறையாக, மண்ணிலிருந்து கல்லுக்கு அந்த ஊர் தானாகவே வளர்ந்திருக்கிறது. 2023இல் வந்த பழைய டி.என்.ஏ. ஆய்வில், பல இடங்களில் தாய்வழி பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள் என்றும், தந்தைவழியில் பாரசீகக் கலப்பு நிறைய என்றும் தெரிந்தது. வந்தவர்கள் உண்டு, கலந்தார்கள். ஆனால் பேசிய மொழி அந்தக் கரையினுடையது. சுவாஹிலி ஆப்பிரிக்காவின் பாண்ட்டு மொழிகளில் ஒன்று. ஊர்க்காரர் எதிரில் அவருடைய பாட்டன் வீட்டை வேறொருவர் பெயரில் எழுதாதீர்கள்.

இருட்டிய பிறகு போனைக் கையில் ஏந்தி மேப் பார்த்துக்கொண்டே சந்துக்குள் போகாதீர்கள். ஸ்டோன் டவுனில் சந்துகளுக்குள் ஜி.பி.எஸ். தடுமாறும், பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் போனைப் பறித்துக்கொண்டு போக ஒரு விநாடி போதும். வழி தப்பினால் வெளிச்சமுள்ள கடைக்குள் நுழைந்து கேளுங்கள். கடைக்கு அங்கே 'துகா' என்று பெயர். இரவுச் சாப்பாட்டுக்கு ஃபோரோதானி பூங்காவுக்குப் போனால் கண்ணெதிரே சூடாகப் போட்டுத் தருவதை மட்டும் சாப்பிடுங்கள், விலையைத் தட்டு நிரம்புமுன் கேளுங்கள்.

ஊர் திரும்பும் விமானத்தையும் தீவுப் படகையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். காற்று எழும்பினால் படகு நிற்கும். லாமுவிலிருந்து வரும் சின்ன விமானம் தாமதமாகும், அதில் பெட்டிக்குப் பெரும்பாலும் 15 கிலோதான். நைரோபியிலோ தார் எஸ் ஸலாமிலோ ஒரு இரவு இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள். மஞ்சள் அட்டை கைப்பையிலேயே இருக்கட்டும்.